நாலு விரல் உப்புத் தண்ணீர்

இடையஞ்சாவடியில் மாலை வகுப்பு ஏழு மணிக்குத் தொடங்கும். வெளியே செம்மண் மேட்டின்மீது கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும். கான்கிரீட் தளம் போட்ட எங்கள் அறைக்குள் மட்டும் தலைக்கு மேலிருந்து அனல் இறங்கும். ஒரு ஏப்ரல் மாதத்தில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், வெயில் ரெண்டு மணிக்கே உச்சிக்குப் போயி இறங்கிடுது. தளம் மட்டும் ஏன் ராத்திரி வரைக்கும் சுடுது?"

இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வெளியே ஒன்று ஏறி இறங்குகிறது. உள்ளே இன்னொன்று அதன் பின்னாலேயே ஏறி இறங்குகிறது. ஆனால் தாமதமாக, கொஞ்சம் அடங்கி. எவ்வளவு தாமதம், எவ்வளவு அடக்கம் என்று சொல்லத் தெரிந்துவிட்டால், முக்கோணவியல் சார்புகள் வரும் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

கான்கிரீட் தளத்தில் வெப்பம் அடுக்கடுக்காக இறங்குவதால் அதன் கணக்கு கடினம். அதைவிட எளிய பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம். கழுவேலி நீர்நிலை கடலை நோக்கித் திறக்கும் அந்தப் பக்கமெல்லாம் உப்பளப் பாத்திகள். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை நிழலில் அகலமான ஒரு தொட்டி, அதில் நாலு விரல் ஆழத்துக்கு உப்புத் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதுதான் நம் பரிசோதனைச் சாலை.

அதற்குமுன் குறியீடுகள். ய என்பது நாம் தேடும் சார்பு, ம என்பது அது சார்ந்திருக்கும் மாறி, ய′ என்பது ய மாறும் வீதம். சைன், காஸ், டேன், காட் எல்லாம் வகுப்பில் வாயால் சொல்வது போலவே. எக்ஸ்ப் என்பது அடுக்குக்குறிச் சார்பு. ச என்பது தொகையிடும்போது வரும் மாறிலி.

முதலில் இடம் பாருங்கள்

சமன்பாட்டைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடி ஓடாதீர்கள். சைனும் காஸும் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். தேடப்படும் ய-வை விழுங்கியிருக்கலாம், ய-வின் கெழுவாக நிற்கலாம், அல்லது வலப்பக்கத்தில் தனியாக நின்று வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் வழி வேறு. பரீட்சையில் பாதி மதிப்பெண் போவது தொகையிடத் தெரியாததால் அல்ல, இந்த இடத்தைப் பார்க்காததால்தான் என்று பல ஆண்டுகளாகத் தாள் திருத்திப் பார்த்துச் சொல்கிறேன்.

முதல் வகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ய′ = காஸ்²(ய)

இங்கே ய காஸுக்குள்ளே இருப்பதால் இது நேரியல் அல்ல. தொகையீட்டுக் காரணி உதவாது. மாறிகளைப் பிரிக்க வேண்டும். இருபுறமும் காஸ்²(ய)-ஆல் வகுத்துத் தொகையிட்டால் டேன்(ய) = ம + ச. விடை வந்துவிட்டது என்று கோடு போட்டு முடிக்கிறவர்கள் ஒன்றைத் தொலைத்துவிடுகிறார்கள். வகுத்தபோது காஸ்²(ய) பூச்சியம் அல்ல என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டோம். ய எப்போதும் பை ÷ 2 ஆகவே இருந்தால்? இடப்பக்கம் பூச்சியம், வலப்பக்கமும் பூச்சியம். அதுவும் ஒரு தீர்வு. ச-வுக்கு எந்த மதிப்பு கொடுத்தாலும் அது டேன் விடைக்குள் வராது. ஆகவே வகுக்கும் முன்பே, வகுக்கப்போவது எங்கே பூச்சியமாகும் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது வகை, கெழுவாக நிற்பது:

ய′ + காட்(ம) × ய = 2 காஸ்(ம)

ய தனியாக, முதல் படியில் இருக்கிறது. ஆகவே நேரியல். காட்-ஐத் தொகையிட்டால் சைனின் மடக்கை. அதை எக்ஸ்ப்-க்குள் போட்டால் தொகையீட்டுக் காரணி வெறும் சைன்(ம). இருபுறமும் அதனால் பெருக்கினால் இடப்பக்கம் முழுவதும் ஒரே பொருளின் வகைக்கெழுவாகச் சுருங்குகிறது:

(ய சைன்(ம))′ = 2 சைன்(ம) காஸ்(ம)

இந்த இடத்தில்தான் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரே சண்டை. ஒருவர் வலப்பக்கத்தைச் சைன்(2ம) என்று மாற்றித் தொகையிட்டு, ய சைன்(ம) = −காஸ்(2ம) ÷ 2 + ச என்று எழுதுவார். பக்கத்தில் இருப்பவர் நேரடியாக, ய சைன்(ம) = சைன்²(ம) + ச என்று எழுதுவார். இருவரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். ஒருவர் முகம் வாடும். வாட வேண்டியதில்லை. −காஸ்(2ம) ÷ 2 என்பது சைன்²(ம) − ½ தான். அந்த அரை ச-வுக்குள் போய்க் கரைந்துவிடுகிறது. இரண்டும் ஒரே விடை. முக்கோணவியல் கணக்குகளில் உங்கள் விடை புத்தக விடையோடு ஒத்துப்போகாவிட்டால் அடித்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். இரண்டையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது மாறிலியானால் நீங்கள் சரி. (இங்கே சைன்(ம)-ஆல் பெருக்கியிருப்பதால், ய சைன்(ம) என்ற நிலையில் வைத்துத்தான் கழிக்க வேண்டும்.)

தொட்டிக்குள் வருவோம்

மூன்றாவது வகைதான் வாழ்க்கையில் அடிக்கடி வருவது. இதில் நிதானமாக நடப்போம்.

காற்றின் வெப்பநிலை பகல் 2 மணிக்கு 37 டிகிரி செல்சியஸ், நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு 27 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 32, மேலும் கீழும் 5. பகல் 2 மணியை நே = 0 என்று கொண்டு, மணிக்கணக்கில் எண்ணினால்:

கா = 32 + 5 காஸ்(சு நே)

சு என்பது கோண அதிர்வெண். 24 மணிக்கு ஒரு முழுச் சுற்று; ஆகவே சு = 2 பை ÷ 24 = 0.262. (நிஜத்தில் குறைந்த வெப்பம் விடியலை ஒட்டித்தான் வரும். ஒரே ஒரு காஸ் அலையால் அதைக் காட்ட முடியாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.)

தொட்டி நீரின் வெப்பநிலை வெ. 1701-ஆம் ஆண்டு நியூட்டன் பெயர் போடாமல் லண்டனில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த குளிர்வு விதி சொல்வது இவ்வளவே: நீருக்கும் காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதற்கேற்ற வேகத்தில் நீர் காற்றை நோக்கி நகரும்.

வெ′ = கு × (கா − வெ)

கு என்பது குளிர்வு மாறிலி. 32-ஐ இருபுறமும் சுமந்துகொண்டு போகத் தேவையில்லை. சராசரிக்கு மேலான மிகையை மட்டும் பார்ப்போம்; மி = வெ − 32.

மி′ + கு மி = 5 கு காஸ்(சு நே)

இதற்குத் தொகையீட்டுக் காரணி எக்ஸ்ப்(கு நே). பெருக்கினால் வலப்பக்கம் எக்ஸ்ப்-உம் காஸும் கைகோத்து நிற்கும். பகுதித் தொகையிடலை இரண்டு முறை செய்தால், தொடங்கிய தொகையீடே திரும்பி வந்து நிற்கும். அதை இடப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்து வகுக்க வேண்டும். கேள்வித்தாள் இந்த வழியைக் கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும். ஆனால் குறிகள் நான்கு முறை மாறும் அந்தப் பாதையில் நல்ல மாணவர்களே வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது இரண்டாவது பாதை.

வெளியே 24 மணிக்கு ஒரு முறை ஆடுகிறதென்றால், பழகிய பின் உள்ளேயும் 24 மணிக்கு ஒரு முறைதான் ஆடும். ஆகவே விடை

மி = அ காஸ்(சு நே) + ஆ சைன்(சு நே)

என்ற வடிவில் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். காஸ் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. காஸை வகையிட்டால் சைன் வந்து நிற்கும். அதை ஈடுகட்ட வலப்பக்கத்தில் ஆளே இல்லை. வலப்பக்கம் காஸ் தனியாக இருந்தாலும் இடப்பக்கத்தில் சைனையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சைன்தான் தாமதத்தைச் சுமந்து வருவது.

சமன்பாட்டில் போட்டு, காஸின் கெழுக்களைத் தனியாக, சைனின் கெழுக்களைத் தனியாகச் சமப்படுத்துங்கள்:

கு அ + சு ஆ = 5 கு
கு ஆ − சு அ = 0

இரண்டாவது வரியிலிருந்து ஆ = சு அ ÷ கு. முதல் வரியில் வைத்தால்,

அ = 5 கு² ÷ (கு² + சு²)
ஆ = 5 கு சு ÷ (கு² + சு²)

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு துண்டாகக் கிடக்கும் விடை தொட்டியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரே காஸாக்குங்கள்:

மி = வீ × காஸ்(சு நே − பி)
டேன்(பி) = சு ÷ கு
வீ = 5 கு ÷ √(கு² + சு²)

பி என்பது பின்தங்கும் கோணம், வீ என்பது நீரின் வீச்சு. இப்போது ஒரு நிமிடம் இந்த மூன்று வரிகளையே பாருங்கள். டேன்(பி) = சு ÷ கு என்றால், கு ÷ √(கு² + சு²) என்பது காஸ்(பி) தானே? ஆகவே

வீ = 5 காஸ்(பி)

இந்த வரிக்காகத்தான் அத்தியாயத்தையே எழுதினேன். தாமதமும் அடக்கமும் இரண்டு தனி விஷயங்கள் அல்ல. தாமதம் தெரிந்தால் அடக்கம் தானாகத் தெரியும். நீர் எத்தனை மணிக்கு உச்சத்துக்கு வந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டால், எத்தனை டிகிரி ஏறியிருக்கும் என்று தொடாமலே சொல்லிவிடலாம். இரண்டையும் அளந்து பார்த்து ஒத்துவரவில்லை என்றால், உங்கள் மாதிரியில் எதையோ விட்டுவிட்டீர்கள்: கீற்றின் ஓட்டை வழியே வெயில் நேராக விழுந்திருக்கலாம், பகலில் அடித்த காற்று இரவில் நின்று கு மாறியிருக்கலாம்.

கு எங்கிருந்து வரும்?

புத்தகத்தில் கொடுத்திருப்பார்கள். தொட்டியில் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்றின் வெப்பம் அதிகம் மாறாத ஓர் அறையில், அதே அகலம், அதே ஆழத்தில், காற்றைவிடப் பத்து டிகிரி சூடான உப்புத் தண்ணீரை வைத்து, அந்த மிகை ஐந்தாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 0.693-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் கு. பாதியாக 2 மணி 40 நிமிடம் ஆனதாக வைத்துக்கொண்டால் கு = 0.693 ÷ 2.67 = 0.26. நாலு விரல் ஆழத்துக்கு இது நம்பத்தகுந்த அளவுதான்.

நல்ல தண்ணீரில் அளந்துவிட்டு உப்புத் தண்ணீருக்குப் பயன்படுத்தாதீர்கள். போமே மானியில் கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி நிற்கும். உப்பு விளையத் தொடங்குவது 25-ஐ ஒட்டி. அந்த அளவுக்கு முற்றிய நீர் ஆவியாவது குறைவு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நிறைந்த நீர் ஆவியாவதே நின்றுவிடும். கடலோர இரவுகளில் அது சாதாரணம். ஆவியாதல் வெப்பத்தைப் பறிக்கும் வேலை. அது மாறினால் கு-வும் மாறும்.

கு = 0.26, சு = 0.262. கிட்டத்தட்டச் சமம். டேன்(பி) = 1, பி = 45 டிகிரி. முழுச் சுற்று 360 டிகிரிக்கு 24 மணி என்றால் 15 டிகிரிக்கு ஒரு மணி. ஆகவே தாமதம் 3 மணி. காற்று 2 மணிக்கு உச்சம் தொட்டால் நீர் மாலை 5 மணிக்கு. வீச்சு 5 × 0.707 = 3.5. நீர் 35.5-க்கும் 28.5-க்கும் இடையே ஆடும்.

அதே தொட்டியில் ஆழத்தை மூன்று மடங்காக்கி ஒரு சாணுக்குக் கொண்டுபோனால்? சுமக்கும் வெப்பம் மூன்று மடங்கு, இழக்கும் மேற்பரப்பு அதேதான். கு மூன்றில் ஒன்றாகும். டேன்(பி) = 3, பி = 71.6 டிகிரி, தாமதம் 4 மணி 46 நிமிடம், வீச்சு 1.6 தான். இன்னும் ஆழமாக்கினால் தாமதம் கூடும்; ஆனால் பி ஒருபோதும் 90-ஐத் தொடாது. ஆகவே இந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்ட எந்தத் தொட்டியும் 6 மணி நேரத்துக்கு மேல் பின்தங்க முடியாது. ஏழு மணி என்று விடை வந்தால் தயங்காமல் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

ஒரு பொறி

அந்த ஆறு மணி எல்லையிலும் சிக்காமல் தப்பிவிடும் பிழை ஒன்று உண்டு. சு-வுக்கு 0.262 போடாமல், மணிக்கு 15 டிகிரி என்று நினைத்து 15 என்றே போட்டுவிடுவது. டேன்(பி) = 15 ÷ 0.26 = 57.7, பி = 89 டிகிரி, தாமதம் 5 மணி 56 நிமிடம். ஆறுக்குள் இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவோம். வீச்சைக் கணக்கிட்டால்தான் குட்டு உடையும்: 0.09 டிகிரி. நாலு விரல் தண்ணீர் பகலுக்கும் இரவுக்கும் கால் டிகிரிகூட மாறாது என்கிறது அந்தக் கணக்கு. எந்த உப்பளத் தொழிலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சைனின் வகைக்கெழு காஸ் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை. வில்லையும் நாணையும் ஒரே அளவுகோலால் அளந்தால்தான் அது நடக்கும். இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. கி.பி. 499-இல் ஆரியபட்டர் அரைநாண் அட்டவணை தந்தபோது வட்டத்தின் ஆரத்தை 3438 என்று எடுத்துக்கொண்டார். ஒரு ரேடியனில் இருக்கும் கலைகளின் எண்ணிக்கை அது (ஒரு டிகிரிக்கு 60 கலை); 57.3 டிகிரியை 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். வில்லும் கலையில், நாணும் கலையில். அதனால்தான் அவருடைய அட்டவணையின் முதல் எண் 225 கலை வில்லுக்கு 225 கலை நாண் என்று அழகாக விழுகிறது. அந்த அரைநாண், ஜ்யா என்ற பெயரில் அரபு மொழிக்குப் போய், அங்கிருந்து இலத்தீனுக்குப் போய், சைனாகத் திரும்பி வந்திருக்கிறது.

மறந்துபோகும் பகுதி

இதுவரை எழுதியது பழகிய பிறகு நீர் எப்படி ஆடும் என்பதை. முழுத் தீர்வில் இன்னொரு உறுப்பு உண்டு:

மி = வீ காஸ்(சு நே − பி) + ச எக்ஸ்ப்(−கு நே)

தேர்வில் இந்த ச-வை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும். அதைவிட முக்கியம், அதன் பொருள் தெரிந்திருப்பது. பகல் 2 மணிக்கு வெயிலில் கிடந்த பாத்தியிலிருந்து 42 டிகிரி நீரை முகந்து, நிழலில் இருக்கும் நாலு விரல் தொட்டியில் ஊற்றுகிறோம். மி தொடக்கத்தில் 10. பழகிய விடை அந்த நேரத்துக்குக் கொடுப்பது அ, அதாவது 2.5. ஆகவே ச = 7.5. நீர் தன் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த நினைவு அது. நள்ளிரவுக்குள் அது 0.56 டிகிரியாகத் தேய்கிறது. மறுநாள் பகல் 2 மணிக்கு 0.015. வெப்பமானியால் பார்க்க முடியாது. 42-க்குப் பதில் 20 டிகிரி நீரை ஊற்றியிருந்தாலும் மறுநாள் இரண்டும் ஒன்றுபோலவே ஆடும். ஆகவே அளவீடு எடுப்பவர்கள் முதல் நாள் எண்களைத் தாமதக் கணக்குக்குச் சேர்க்கக் கூடாது.

ஒரு காஸ் போதாதபோது

விடியலில்தான் குளிர் அதிகம் என்ற குறைக்கு இப்போது வருகிறேன். நாளின் வெப்பக்கோட்டை 24 மணி அலை, 12 மணி அலை, 8 மணி அலை என்று பல அலைகளின் கூட்டலாக எழுதலாம். வெப்பம் பற்றிய 1822-ஆம் ஆண்டு நூலில் ஃபூரியே விரித்த வழி இது. சமன்பாடு நேரியல் என்பதால் ஒவ்வோர் அலைக்கும் தனித்தனியே பி-யும் வீச்சும் கண்டு கடைசியில் கூட்டினால் போதும். சு இரட்டித்தால் டேன்(பி) இரட்டிக்கும், காஸ்(பி) குறையும். சிறிய வேகமான அலைகளைத் தொட்டி கூடுதலாக அமுக்கிவிடும். அதனால்தான் காற்றின் கோடு கோணலாக இருந்தாலும் நீரின் கோடு வழவழப்பாக வருகிறது.

இதே சமன்பாட்டைக் கடலோரத்தில் இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். கடல் ஓதமும் காஸ் அலைகளின் கூட்டல்தான். 1879-இல் இந்திய அரசுக்காக லண்டனில் கட்டிய ஓதக் கணிப்புப் பொறி, பற்சக்கரங்களாலும் கப்பிகளாலும் அந்த அலைகளைக் கூட்டித்தான் துறைமுகங்களின் ஏற்ற வற்றத்தை முன்கூட்டியே வரைந்தது. அவற்றில் பெரிய அலையின் காலம் 12 மணி 25 நிமிடம்.

கழிமுகக் கால்வாய்க்கும் ஒரு குட்டைக்கும் நடுவே மணல்கரை இருந்தால், கரை வழியே கசியும் நீர் இருபுற மட்ட வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில் போகும். டார்சி 1856-இல் சொன்ன விதி அது. நியூட்டன் குளிர்வின் அதே வடிவம். ஆனால் கரையை வெட்டி மதகு வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. திறந்த வாய் வழியே ஓடும் நீரின் வேகம் வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சமன்பாடு நேரியல் அல்லாமல் போய்விடும், அலைகளைத் தனித்தனியே கூட்டும் உரிமையும் போய்விடும்.

செய்து பாருங்கள்

கால்வாயில் நீர் சராசரி மட்டத்துக்கு மேலும் கீழும் 40 செ.மீ. ஆடுகிறது. மணல்கரைக்கு இப்புறம் உள்ள குட்டைக்கு கு = 0.2. சு = 6.283 ÷ 12.42 = 0.506. குட்டை எவ்வளவு பின்தங்கும், எவ்வளவு ஆடும்? முதலில் தாமதத்தின் உச்ச எல்லையை எழுதிக்கொள்ளுங்கள். இங்கே அது 6 மணி அல்ல, 12.42-இல் கால் பங்கு. பிறகு டேன்(பி), பிறகு காஸ்(பி).

விடை: பி = 68.4 டிகிரி, தாமதம் 2 மணி 22 நிமிடம், குட்டையின் ஆட்டம் மேலும் கீழும் 15 செ.மீ.

இதை முடித்தவர்கள் வீட்டிலேயே இரண்டு அகலப் பாத்திரங்களை எடுத்து, ஒன்றில் நாலு விரல், மற்றொன்றில் ஒரு சாண் நீர் ஊற்றி நிழலில் வையுங்கள். ஒரு நாள் சும்மா விடுங்கள். இரண்டாம் நாள் காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை மணிக்கொரு முறை வெப்பமானியைப் பார்த்து, காற்று, ஆழமில்லாத நீர், ஆழமான நீர் மூன்றையும் ஒரே வரைபடத் தாளில் குறியுங்கள். மூன்று உச்சிகளும் எந்த மணிக்கு விழுகின்றன என்று பார்த்து, தாமதத்திலிருந்து வீச்சைக் கணித்துவிட்டு, பிறகு தாளில் அளந்து சரிபாருங்கள்.